நன்றிக்கு ஒரு பக்கம், கடனுக்கு ஒரு பக்கம்: முதல் வேலையில் சேர்ந்தவர்களுக்கு

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று மாதம் ஆன பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். "அண்ணே, எல்லாம் சரியாத்தான் இருக்கு, சம்பளமும் வருது, பின்ன ஏன் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா வெப்ராளமா வருது?" வெப்ராளம் என்றால் மனசுக்குள் ஒரு பதைபதைப்பு. நாகர்கோவிலில் ஒரு சின்ன அலுவலகத்தில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுப்பதும் என் தலையில்தான், அதனால் இந்தக் கேள்வி வருஷத்துக்கு நாலு தடவையாவது வந்துவிடும். வீட்டில் கேட்டால் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: "எத்தன பேரு எஞ்சினீயரிங் படிச்சிட்டு சும்மா இருக்கான், கிடைச்ச வேலைக்கு நன்றியா இரு மக்ளே." 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் நம்ம கன்னியாகுமரி மாவட்டம், படித்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், வேலைதான் இல்லை. ஆகையால் அந்தப் பதிலை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் அதில் பாதி மருந்து, பாதி விஷம். இரண்டையும் பிரித்து எடுப்பது எப்படி என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். ஒரு நோட்டும் பேனாவும் வாரத்தில் ஒரு இருபது நிமிஷமும் இருந்தால் போதும்.

முதலில் என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் வேலை பார்த்தது திருவனந்தபுரத்தில். குழித்துறையில் காலை ரயில், கையில் சீசன் டிக்கெட், பாறசாலை வருவதற்குள் நின்றபடியே தூங்கப் பழகியிருந்தேன். வேலை வாங்கித் தந்தவர் அப்பாவின் கூட்டாளி ஒருவர். இருபதாம் தேதி தாண்டியும் சம்பளம் வராத மாதங்களில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் அந்த மாமாவுக்கு நன்றி கெட்டவன் ஆகிவிடுவேனோ என்ற பயம். அந்த நாட்களில் நான் "நன்றி" என்று நினைத்துக்கொண்டிருந்தது முழுக்க முழுக்கக் கடன். கணக்கு எழுதுகிறவனுக்கே இது புரிய நாலு வருஷம் ஆனது என்பதுதான் வெட்கம்.

நோட்டை விரித்து வையுங்கள்

80 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். செல்போனில் எழுதினால் நடுவில் ஆபீஸ் குரூப்பில் ஏதாவது மெசேஜ் வந்து விழும், அதனால் போன் வேண்டாம். நோட்டை விரித்து, இடது பக்கத்துக்குத் தலைப்பு "கடன்", வலது பக்கத்துக்கு "நன்றி".

முதலில் கடன் பக்கத்தை முடியுங்கள். இதை ஒரே தடவை எழுதினால் போதும், அப்புறம் மாதம் ஒருமுறை திருத்தினால் சரி. கல்விக்கடன் பாக்கி எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு, அக்கா கல்யாணத்துக்கு அப்பா வாங்கியதில் நீங்கள் ஏற்றுக்கொண்டது எவ்வளவு, எந்த மாதத்தோடு அது முடியும் என்று எல்லாவற்றையும் எண்ணில் எழுதுங்கள். வேலை வாங்கித் தந்த மாமாவையும் இங்கேயே எழுதிவிடுங்கள், அவருக்கு நேராக "கிறிஸ்துமசுக்கோ ஓணத்துக்கோ ஒரு தடவை வீட்டுக்குப் போய்ப் பார்க்கணும்" என்று போடுங்கள். அதோடு அந்தக் கணக்கு முடிந்தது. முதல் சம்பளத்தில் கோட்டாறு சவேரியார் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றவோ நாகராஜா கோயிலுக்குப் பால் வாங்கிக்கொடுக்கவோ அம்மா நேர்ந்திருப்பாள், அதையும் எழுதி, செய்து முடித்ததும் அடித்துவிடுங்கள். கடனுக்குத் தொகை உண்டு, அடைத்து முடிக்கிற தேதி உண்டு. தொகையாகவோ செய்து முடிக்கிற காரியமாகவோ எழுத முடியாத எதுவும் இந்தப் பக்கத்தில் இருக்கக் கூடாது.

இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். எங்களிடம் சேர்ந்த ஒரு பெண், வீட்டில் முதல் பட்டதாரி. கடன் பக்கத்தில் அவள் எழுதியிருந்த முதல் வரி, "அம்மா அண்டி ஆபீசுல வேலை பாத்து படிக்க வச்சா." தொகை எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தாள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், அண்டி ஆபீஸ் என்றால் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலை. கொட்டையின் தோட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டு அங்கே வேலை செய்கிற பெண்களின் விரல் நுனி கறுத்துப்போயிருக்கும், சோப்பு போட்டாலும் போகாது. அந்த வரியை வலது பக்கத்துக்கு மாற்றி, இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் எழுது என்றேன். இரண்டு நாள் கழித்துக் காட்டினாள்: "பத்தாங்கிளாசுல பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு அம்மா வந்தப்போ கையை முந்தானைக்குள்ளயே வச்சிருந்தா. கையெழுத்து போடும்போது மட்டும் வெளிய எடுத்தா." எழுதும்போது அழுதிருக்கிறாள், நோட்டைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் நடந்த இன்னொரு விஷயம் எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது. முழுச் சம்பளத்தையும் அம்மா கையில் கொடுத்துவிட்டு நாலு மாதமாகப் பல்வலியோடு இருந்தவள், அடுத்த சம்பளத்தில் வேர் சிகிச்சைக்குப் பணம் எடுத்துக்கொண்டாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, "இத்தன நாளு ஏன் சொல்லல?" என்று திட்டியதோடு சரி.

வலது பக்கம்: நன்றியை எழுதும் முறை

இதற்குக் கொஞ்சம் ஆராய்ச்சிப் பின்னணி இருக்கிறது. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, 10 வாரம், வாரத்துக்கு ஒரு தடவை எழுதச் சொன்னார்கள். ஒரு குழு நன்றியாக உணர்ந்ததை ஐந்து வரை எழுத வேண்டும், இன்னொரு குழு எரிச்சல் படுத்தியதை, மூன்றாவது குழு அந்த வாரம் பாதித்தது எதுவானாலும் எழுத வேண்டும். நன்றி எழுதிய குழுதான் தங்கள் வாழ்க்கையைப் பற்றிக் கூடுதல் திருப்தியாகப் பேசியது, உடம்பு உபாதைகளையும் குறைவாகச் சொன்னது. பின்னால் வேறு சிலர் செய்த சோதனையில், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் கிடைத்தது, வாரம் மூன்று தடவை எழுதியவர்களுக்குக் கிடைக்கவில்லை. அடிக்கடி எழுதினால் அது ஹோம்வொர்க் ஆகிவிடுகிறது போலிருக்கிறது. எனவே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அந்த வெப்ராளம் வருகிற அதே நேரத்தில், ஒரு கட்டன்சாயாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். மூன்று விஷயம் போதும், ஐந்தைத் தாண்ட வேண்டாம்.

எழுதும்போது பெரும்பாலோர் செய்கிற தவறு, "நல்ல வேலை", "நல்ல குடும்பம்", "நல்ல நண்பர்கள்" என்று பட்டியல் போடுவது. இது ரேஷன் கார்டில் பெயர் எழுதுவது மாதிரி, மனசில் ஒன்றும் அசையாது. யார் செய்தார், என்ன செய்தார், அதனால் அவருக்கு என்ன போனது, இந்த மூன்றும் ஒரு வரியில் வர வேண்டும். என் பழைய நோட்டிலிருந்து ஒன்று: "புதன்கிழமை டிடிஎஸ் தொகையை வேற கணக்குல போட்டுட்டேன். பக்கத்து சீட் சேச்சி ஏழே முக்கால் வரைக்கும் கூட இருந்து ஒவ்வொரு வவுச்சரா எடுத்துத் தந்தாங்க. அவங்க வழக்கமா போற பஸ் போயாச்சு." அன்றைக்கு அவர் சொன்னது ஒரே வார்த்தை, "சாரமில்ல மோனே." ஒன்றும் பெரிசில்லை, விடு என்று அர்த்தம். அந்த வேலையில் இருந்த காலம் முழுக்க நான் கேட்ட நல்ல வார்த்தை அதுதான்.

எழுத ஒன்றுமே தோன்றாத வாரம் வரும், கட்டாயம் வரும். அப்போது தலைகீழாகப் போங்கள்: இந்த வாரம் நடந்தவற்றில் எது நடக்காமல் போயிருந்தால் சிக்கல் ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். ரயிலில் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்ட ஆள், மழையில் பைக் நின்றுபோனபோது தள்ள வந்த பையன், ஜிஎஸ்டி போர்ட்டல் கடைசி நாளில் படுக்காமல் இருந்தது (இதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை). நல்லது நடந்ததை எண்ணுவதைவிட, அது நடக்காமல் போயிருந்தால் என்று நினைத்துப் பார்ப்பது சில பேருக்கு இன்னும் நன்றாக வேலை செய்கிறது.

சொல்லவும் வேண்டும், ஆனால் எப்படி?

நம்ம பக்கம் வாய் திறந்து நன்றி என்று சொல்கிற வழக்கம் குறைவு. மேடையில் சொல்வோம், நன்றியுரை என்று தனியாக ஓர் ஆளே இருப்பார். வீட்டிலும் வேலையிடத்திலும் சொன்னால் எதிராளி "என்னத்துக்குலே இதெல்லாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். பரவாயில்லை, வார்த்தையை விடுங்கள். "அண்ணைக்கு நீங்க சொல்லித் தந்தது இண்ணைக்கு உதவிச்சு" என்று ஒரு வரி சொன்னால் போதும், எது உதவியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டில் மட்டிப்பழம் பழுத்திருந்தால் நாலு பழம், மரச்சீனி பறித்தால் இரண்டு கிழங்கு கொண்டுபோய்க் கொடுங்கள்.

மார்ட்டின் செலிக்மனும் கூட இருந்தவர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஒழுங்காக நன்றி சொல்லாமல் விட்டுப்போன ஒருவருக்குக் கடிதம் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். சோதித்த பயிற்சிகளிலேயே உடனடியாகப் பெரிய சந்தோஷத்தைத் தந்தது இதுதான், ஆனால் ஒரு மாதத்துக்கு அப்புறம் அந்தப் பலன் கரைந்துவிட்டது. ஒரு வாரம், தினமும் இரவில் நல்லதாக நடந்த மூன்று விஷயங்களையும் அவை ஏன் நடந்தன என்பதையும் எழுதியவர்களுக்கோ ஆறு மாதம் வரை பலன் நின்றது. கடிதம் பொங்கல் மாதிரி, நோட்டு தினசரிக் கஞ்சி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018-இல் வந்த இன்னோர் ஆய்வு கூச்சக்காரர்களுக்கு உதவும்: நன்றிக் கடிதம் எழுதுகிறவர்கள், வாங்குகிறவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று அளவுக்கு மீறி நினைக்கிறார்கள், அவருக்கு வரும் சந்தோஷத்தையோ குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

நான் அந்த சேச்சியைப் பார்க்கப் போனது ஏழு வருஷம் கழித்து, ஒரு குலை மட்டிப்பழத்தோடு. அவருக்கு அந்த சாயங்காலமே நினைவில்லை. "ஞானோ?", அதாவது நானா, என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பழத்தை மட்டும் நன்றாக இருக்கிறது என்றார்.

"இந்த வேலைக்கு என்னண்ணே அர்த்தம்?"

ஞாயிற்றுக்கிழமை வெப்ராளத்துக்குள் ஒளிந்திருக்கிற கேள்வி பெரும்பாலும் இதுதான். இதைக் கேட்பது நோய் இல்லை. வாழ்க்கையின் அர்த்தத்தை அளக்க மைக்கேல் ஸ்டெகர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2006-இல் வெளியிட்ட 10 கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் அர்த்தம் "இருக்கிறது" என்ற உணர்வையும் அர்த்தத்தைத் "தேடுவதையும்" தனித்தனியாக அளக்கிறார்கள், ஏனென்றால் இரண்டும் வேறு வேறு. இருபத்து மூன்று வயதில் தேடாமல் எப்போது தேடுவது?

ஏமி ரெஸ்னெவ்ஸ்கி என்பவர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் தங்கள் வேலையை மூன்று விதமாகப் பார்க்கிறார்கள் என்றார்: சம்பளத்துக்கான வேலை, மேலே ஏறுவதற்கான படி, அந்த வேலைக்காகவே செய்கிற "அழைப்பு". நம்ம ஊரில் "அழைப்பு" என்றதும் பாதிரியாராகப் படிக்கச் செமினரிக்குப் போகிற பையன்தான் நினைவுக்கு வருவான். ஆனால் அந்த ஆய்வில் ஒரே மாதிரி வேலை பார்த்த நிர்வாக உதவியாளர்களிடையே கூட மூன்று வகையினரும் ஏறக்குறைய சமமாக இருந்தார்கள். அதாவது வேலையின் பெயரைப் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. உங்களுக்கு இது சம்பள வேலைதான், மனசு பாட்டுப் பாடுவதிலோ பந்து விளையாட்டிலோ டிஎன்பிஎஸ்சி புத்தகத்திலோ இருக்கிறது என்றால் அதிலும் தப்பில்லை, குற்ற உணர்ச்சி வேண்டாம்.

அர்த்தத்தை உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, அதனால் ஒரு வேலை தருகிறேன். நீங்கள் செய்வது கடைசியில் யார் கையில் போய் முடிகிறது என்று கண்டுபிடித்து, முடிந்தால் அந்த ஆளை ஒரு தடவை பாருங்கள். ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனில் நன்கொடை கேட்கும் ஊழியர்களை, அந்தப் பணத்தில் படித்த ஒரு மாணவரோடு சில நிமிஷம் பேச வைத்தார் ஆடம் கிரான்ட். 2007-இல் வந்த ஆய்வு அது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அவர்கள் போனில் பேசிய நேரமும் திரட்டிய பணமும் இரண்டு மடங்குக்கும் மேல் போயிருந்தன. மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணிடம் இதைச் சொன்னேன். "நான் பேரு டைப் பண்ணுறேன், அவ்வளவுதான் அண்ணே" என்றாள். அடுத்த வாரம் அவளே கூப்பிட்டாள்: பெயரில் ஓர் எழுத்து மாறிப்போனதால் காப்பீட்டுப் பணம் நின்றுபோன ஒரு பெரியவர் குலசேகரத்திலிருந்து மூன்றாவது தடவையாக பஸ் பிடித்து வந்திருக்கிறார். அந்தத் தப்பு வேறு எங்கோ நடந்தது, இவள் செய்ததில்லை. அதற்கப்புறம் ஆதாரை வாங்கிப் பார்க்காமல் அவள் பெயர் அடிப்பதே இல்லை.

எங்கே நன்றி சொல்லக் கூடாது

விக்டர் பிராங்கல் நாஜி வதை முகாம்களிலிருந்து உயிரோடு மீண்ட வியன்னா மனநல மருத்துவர். அர்த்தத்துக்கு மூன்று வழி சொன்னார்: எதையாவது செய்வது, ஒரு மனுஷரையோ அழகையோ அனுபவித்து நேசிப்பது, தவிர்க்கவே முடியாத துன்பத்தை எப்படி எதிர்கொள்கிறோம் என்பது. மூன்றாவதை எடுத்துக்கொண்டு எல்லோரும் உபதேசம் செய்கிறார்கள், அவர் கூடவே சொன்னதை விட்டுவிடுகிறார்கள்: தவிர்க்க முடிகிற துன்பமாக இருந்தால் அதன் காரணத்தை நீக்குவதுதான் அர்த்தமுள்ள செயல், அதைச் சகித்துக்கொண்டு கிடப்பதில் வீரம் இல்லை.

சம்பளம் உரிய நாளில் வராதது தவிர்க்க முடிகிற துன்பம். துணிக்கடையில் நாள் முழுக்க நிற்க வைப்பதும் அப்படித்தான், கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தியிருக்கிறார்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு தர மறுப்பது, "நம்ம குடும்பம் மாதிரி" என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுவது, இதெல்லாம் நன்றி நோட்டில் எழுதித் தீர்கிற காரியங்கள் இல்லை. சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள், உங்கள் பங்கு 0.75 சதவீதம்தான், அதில் கிடைக்கும் மருத்துவத்தில் மனநல சிகிச்சையும் சேரும். பாலியல் தொல்லை என்றால் 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும், அதைவிடச் சின்ன இடமென்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. வேலை கொடுத்ததற்கு நன்றி என்றால் வேலையை ஒழுங்காகச் செய்தாயிற்று, அந்தக் கணக்கு மாதா மாதம் நேராகிவிடுகிறது.

நோட்டை மூடி வைக்க வேண்டிய நேரம்

நன்றி எழுதுவது மனச்சோர்வுக்கு மருந்து இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மனச்சோர்விலும் பதற்றத்திலும் இதனால் கிடைத்த பலன் சிறியதுதான். உண்மையான மனச்சோர்வில் இருப்பவரை நன்றி எழுத வைத்தால், "இவ்வளவு இருந்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லையே" என்று குற்ற உணர்ச்சிதான் ஏறும். இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்கள் மனசு கனத்தே கிடக்கிறது, பிடித்த எதிலும் ஆசை இல்லை, தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போயிருக்கிறது, காலையில் எழுந்து பஸ் ஸ்டாண்டு வரை நடக்கவே மலையாக இருக்கிறது என்றால் நோட்டை ஓரமாக வையுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தால் கூட இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள்.

எங்கே போவது? ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. "யாராவது பாத்துட்டா" என்ற பயம் எனக்குத் தெரியும், கொஞ்சம் முன்கோபப்பட்டாலே "ஊளம்பாறைக்கு (திருவனந்தபுரத்தில் மனநல மருத்துவமனை இருக்கிற இடம்) அனுப்பணும்" என்று கிண்டல் செய்து வளர்ந்த ஊர்தானே நம்முடையது. ஆனால் ஆசாரிப்பள்ளத்தில் உங்களைப் பார்க்கிறவர், நீங்கள் சர்க்கரைக்கு வந்தீர்களா, சளிக்கு வந்தீர்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? டாக்டர் மாத்திரை எழுதினால், அது வேலை செய்யச் சில வாரம் ஆகும், நாலாவது நாள் "ஒண்ணும் மாறல" என்று நிறுத்திவிடாதீர்கள்.

நேரில் போக முடியவில்லை என்றால் 14416. டெலிமானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநலத் தொலைபேசி சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். ரயிலில் இருந்து கூப்பிட வேண்டாம், இரணியலுக்கும் குழித்துறைக்கும் நடுவில் லைன் கட்டாகிவிடும், சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் போகும். மொட்டைமாடியிலோ கடற்கரையிலோ இருந்து கூப்பிடுங்கள். இப்போதே எண்ணை போனில் சேமித்து வையுங்கள். வீட்டில் போனை எடுத்துப் பார்க்கிற தம்பி தங்கை இருந்தால், கேஸ் ஏஜென்சி என்று பெயர் போட்டுக்கொண்டாலும் சரி.